தண்ணீர் ஏறட்டும், பறவை தானாக எழும்பும்

பறக்கும் பறவையைப் படமெடுப்பது பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, 'எந்த லென்ஸ் வாங்கலாம்?' என்ற கேள்வியோடு முடிந்துவிடும். இம்முறை கிள்ளான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பது வேறு வகை. ஜெராம் கடலோரத்தில் நண்பர்களோடு போய் நின்றிருக்கிறார். சேற்றில் நூற்றுக்கணக்கான பறவைகள். ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் பறக்கவில்லை. கூட வந்தவர் ஒருவர் கைதட்டியிருக்கிறார், அதற்கும் அசையவில்லை என்றதும் மண்ணாங்கட்டியை எடுத்து வீசியிருக்கிறார். கூட்டம் முழுவதும் எழும்பியது. படம் பிரமாதமாக வந்து, புலனக் குழுவில் பாராட்டு குவிந்தது. 'ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை ஐயா. இது தவறா? தவறென்றால் வேறு என்னதான் செய்வது?' என்று கேட்கிறார்.

தவறுதான். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, வேறு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஏனென்றால் அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் நல்ல படமும் இருக்கிறது.

ஒரு நிமிடப் பறத்தலின் விலை

ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை நம் மேற்குக் கரைச் சேற்றில் நிற்கும் உள்ளான், பவளக்காலி, மூக்கன், கோட்டான் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த ஊர்ப் பறவைகள் அல்ல. சைபீரியா, மங்கோலியா, வட சீனா எனப் பல இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பித் தெற்கே வருபவை. அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் இந்தப் பாதையில் 22 நாடுகள் இருக்கின்றன. நம் சிலாங்கூர் சேற்றுக்கரை அதில் ஒரு சாப்பாட்டுக் கடை.

அந்தச் சாப்பாடு எதற்கு என்று புரிய ஒரு கணக்கு போதும். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன், முதுகில் சிறு கருவியோடு அலாஸ்காவிலிருந்து கிளம்பி டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள். வழியில் எங்கும் உணவு இல்லை, தண்ணீர் இல்லை, இறங்கவே இல்லை. எரிபொருள் முழுவதும் உடம்பில் சேர்த்த கொழுப்பு. நீண்ட பயணத்துக்கு முன் மூக்கன் தன் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும்.

அதே இனத்தைச் சேர்ந்த மூக்கன்கள் நம் கரைக்கும் வருகின்றன. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அவை இங்கே செய்வது ஒரே வேலை: வடக்கே திரும்பிப் போகக் கொழுப்பைச் சேர்ப்பது. தண்ணீர் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் சேற்றில் புழு, நண்டு, சிப்பி கிடைக்கும். தண்ணீர் ஏறிவிட்டால் ஒதுக்கமான இடமொன்றில் ஒற்றைக்காலில் நின்று, சேர்த்ததைச் செலவழிக்காமல் காக்க வேண்டும். காப்பார் மின் நிலையத்தின் சாம்பல் குளங்கள்கூட அப்படி ஒதுங்கும் இடமாக இருந்திருக்கின்றன என்றால், நல்ல இடத்துக்கு அவை எவ்வளவு தவிக்கின்றன என்று பாருங்கள்.

மண்ணாங்கட்டி விழும்போது நடப்பது இதுதான்: தின்றுகொண்டிருந்த பறவை தின்பதை நிறுத்துகிறது, நின்றுகொண்டிருந்த பறவை சேமிப்பை எரிக்கிறது. ஒரு தடவை என்றால் தாங்கிக்கொள்ளும். சனி, ஞாயிறு தோறும், குழுவுக்குக் குழு நாலைந்து தடவை என்றால்? படத்தில் விரிந்த சிறகு மட்டும்தான் தெரியும். செலவான கொழுப்பு தெரியாது.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு: எறிந்து விரட்டாமல், எறிந்து வரவழைப்பது. லங்காவிப் பக்கம் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கோழித்தோலைத் தண்ணீரில் வீச, செம்பருந்துகள் சுற்றிச் சுற்றி வந்து கவ்வும். நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவைதான். மீனும் நண்டும் பிடித்துத் தின்ன வேண்டிய பறவைக்குக் கோழித்தோல் நல்ல தீனி அல்ல, வேட்டையாடும் பழக்கமும் மங்கும் என்று இயற்கை ஆர்வலர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். செம்பருந்து வேண்டுமென்றால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் போன்ற மீனவர் துறைகளுக்குப் போங்கள். படகு திரும்பி, வலையை உதறி, மீனைப் பிரிக்கும் நேரத்தில் பருந்தும் ஆலாவும் கொக்கும் தாமாகவே வரும். அங்கே நடப்பது மீனவரின் அன்றாட வேலை. நாம் எதையும் வீச வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கு

இனி, கல் எறியாமல் பறவையை எப்படிப் பறக்க வைப்பது? நாம் வைக்க வேண்டாம். கடல் வைக்கும்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. கிள்ளான் கரையில் அந்த நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்குக்கூட மாறும். இடைப்பட்ட அஷ்டமி நாட்களில் தண்ணீர் சோம்பலாக ஏறி இறங்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். மீதிக்கு, கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் வெளியிடும் 'ஜாடுவால் பாசாங் சூருட்' அட்டவணை இருக்கிறது. கைப்பேசிச் செயலிகளும் உண்டு.

நன்றாக வற்றியிருக்கும்போது பறவைகள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் புள்ளிகளாகத் தெரியும். எவ்வளவு பெரிய லென்ஸும் உதவாது. தண்ணீர் ஏற ஏற, சேறு சுருங்கும். பறவைகள் அலையின் விளிம்போடு கரையை நோக்கி நகரும். உச்சத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் நமக்கு வேண்டியது. காலடியில் தண்ணீர் வந்ததும் பத்துப் பதினைந்தாக எழும்பி, சற்று உயரமான அடுத்த திட்டுக்குப் பறக்கும். அதுவும் மூழ்கும், மறுபடி எழும்பும். கடைசித் திட்டும் மூழ்கும்போது மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கிளம்பி, ஒதுங்குமிடம் தேடிப் போகும். நாம் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால், இத்தனையும் நம் முன்னால் நடக்கும்.

இதை எனக்குச் சுருக்கமாகச் சொன்னவர், பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏன் தம்பி அவசரப்படுறீங்க? தண்ணி ஏறட்டும். அதுங்களே எழும்பும்," என்றார். "எத்தனை மணிக்கு எழும்பும் ஐயா?" என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பாக்காவ் மரத்தின் வேரைப் பார்த்தார். "அந்த வேரு முங்கறப்போ." அப்படியே நடந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். கூட்டம் ஒதுங்குமிடத்துக்குப் போன பிறகு பின்தொடர்ந்து போகாதீர்கள். அது அவற்றின் ஓய்வு நேரம். நமக்கு நாசி லெமாக் நேரம்.

காற்றும் வெயிலும்

பறவை எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். விமானம் மாதிரி. எனவே காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசினால் பறவை நம்மை நோக்கி எழும்பும். முகமும் கண்ணும் கிடைக்கும். காற்று கடலிலிருந்து நம் முகத்தில் அடித்தால் பறவையின் வால்தான் கிடைக்கும்.

சிலாங்கூர், பேராக், பினாங்குக் கரையில் இருப்பவர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். காலையில் தரைக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். வலசைப் பறவைகள் இருக்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் திசை ஏறக்குறைய அதுதான். சூரியனும் நம் முதுகுக்குப் பின்னால் உதிக்கிறது. வெளிச்சம் பறவையின் முகத்தில், பறவையின் முகம் நம்மை நோக்கி. பிற்பகலில் எல்லாம் தலைகீழ். கடற்காற்று வந்துவிடும், சூரியனும் கடல் பக்கம் போய்விடும். அப்போது நிழலுருவப் படங்கள்தான் எடுக்கலாம். அதுவும் அழகுதான், அதற்குக் கைப்பேசியே போதும். கிளந்தான், திரெங்கானு வாசகர்கள் சூரியக் கணக்கையும் பருவக்காற்றுக் கணக்கையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, விடிந்தது முதல் ஒன்பதரை மணி வரையான வெயிலும், தண்ணீர் ஏறும் நேரமும் ஒன்றாக அமையும் காலைகளைத் தேடுங்கள். மாதத்தில் சில நாட்கள்தான் வாய்க்கும். ஒன்பதரைக்கு மேல் சேறு சூடாகிக் கானல் எழும்பத் தொடங்கும். கானல் வழியாக எடுத்த படத்தை எந்த மென்பொருளும் கூர்மையாக்காது.

கேமராவில் என்ன வைப்பது?

1882-இல் எத்தியேன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் வினாடிக்கு 12 படம். பறவைகள் சிறகை எப்படி அடிக்கின்றன என்று கண்டுபிடிப்பதே நோக்கம். இன்று நடுத்தர விலைக் கேமராவே அதைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் வேகத்தை எங்கே வைப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

உள்ளான், ஆலா போன்ற சிறு பறவைகளுக்கு 1/2500 வினாடி. கொக்குக்கு 1/1600. வட்டமடிக்கும் செம்பருந்துக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கும் 1/1000 போதும். ஒற்றைப் பறவைக்கு எஃப் 5.6 அல்லது 6.3, கூட்டத்துக்கு எஃப் 8. ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், அசைந்து கலங்கியதைத் திருத்த முடியாது. தொடர் குவியத்தில் வையுங்கள். பறவைக் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் திறந்து வையுங்கள்.

வெளிச்சத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். வெள்ளைக் கொக்கு கரும்பச்சைப் பாக்காவ் காட்டின் முன் பறக்கிறது. கேமரா காட்டின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு சுண்ணாம்பாகிவிடும். அடுத்த நொடி அதே கொக்கு வானத்தின் முன் வரும், கேமரா குறைக்கும், கொக்கு சாம்பலாகும். உண்மையில் கொக்கின் மேல் விழும் வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறியது. அதனால் வெயில் நிலையாக இருக்கும் காலையில், ஐஎஸ்ஓ உட்பட எல்லாவற்றையும் கையால் அமைத்துவிடுங்கள். வெயில் படும் ஒரு கொக்கை எடுத்துப் பார்த்து, சிறகின் வெள்ளையில் இறகு வரிகள் தெரிகிற அளவுக்குக் குறையுங்கள். பிறகு மேகம் வரும் வரை அதைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மணி நேரத்தில் 1,500 படம் சேர்ந்திருக்கும். முதல் வேலை திருத்துவதல்ல, கழிப்பது. கண் கூர்மையாக இல்லையா, நீக்குங்கள். சிறகு முகத்தை மறைக்கிறதா, நீக்குங்கள். சிறகு முழுவதும் மேலே அல்லது முழுவதும் கீழே இருக்கும் படங்களில் உயிர் இருக்கும், நடுவில் தட்டையாக இருப்பவை கோடு மாதிரி தெரியும். இருபது படம் மிஞ்சினால் நல்ல காலை.

திருத்துவதில் நான் பின்பற்றும் வரிசை இது. ரா கோப்பில்தான் வேலை. முதலில் தொடுவானத்தை நேராக்குவேன், சாய்ந்த கடல் கண்ணை உறுத்தும். பிறகு வெட்டுவேன், பறவை போகும் திசையில் கூடுதல் இடம் விட்டு. அடுத்து வெண்மைச் சமன். காலை வெயிலின் மஞ்சளில் கொஞ்சம் இருக்கட்டும், முழுவதையும் கழுவினால் நண்பகல் படம் போலாகிவிடும். பிறகு ஒளிமிகுந்த பகுதிகளைக் குறைத்து, கொக்கின் இறகு வரிகளை வெளிக்கொண்டு வருவேன். எடுக்கும்போதே வெந்து போயிருந்தால் அங்கே கொண்டுவர ஒன்றும் இருக்காது. வானத்தில் தெரியும் சென்சார் தூசியைத் துடைப்பேன். புள்ளி நீக்கம் வானத்துக்கு, கூர்மை பறவைக்கு மட்டும். நிறச்செறிவில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். செம்பருந்தின் நிறம் நம் வீட்டுச் செங்கல் நிறம், கார்ட்டூன் ஆரஞ்சு அல்ல.

கை வைக்கக் கூடாத இடங்கள்

வெளிச்சத்தையும் நிறத்தையும் கண் பார்த்ததற்குக் கிட்டே கொண்டுவருவது திருத்தம். அங்கே இல்லாததைச் சேர்ப்பதும், இருந்ததை அழிப்பதும் வேறு. மூன்று பறவை இருந்த வானத்தில் முப்பதை ஒட்டுவது, வெளுத்த வானத்தை எடுத்துவிட்டு அந்தி வானத்தை வைப்பது, இவை எல்லாம் ஓவியம். ஓவியம் என்று சொல்லிக் காட்டினால் யாருக்கும் வழக்கில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பழக்கி வளர்க்கப்பட்டதாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் பின்னர் நீக்கப்பட்டது. படத்தின் தரத்தில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

போட்டிக்கே அனுப்பாத நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். கரையோரப் பறவைகள் விஷயத்தில் இரண்டு காரணம் உண்டு.

முதலாவது, காலில் உள்ள கொடி. ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து, காலில் சிறிய வண்ணப் பட்டை மாட்டி விடுவார்கள். இந்த வலசைப் பாதையில் இடத்துக்கு ஒரு நிறம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மாட்டினால் ஆரஞ்சு, வடமேற்கு ஆஸ்திரேலியாவில் மஞ்சள், ஷாங்காய் அருகே சோங்மிங் தீவில் கறுப்பும் வெள்ளையும். பறக்கும்போது கால் பின்னால் நீண்டு அந்தப் பட்டை பளிச்சென்று தெரியும். அழகு கெடுகிறது என்று அதை அழித்தால், ஒரு பறவை எங்கிருந்து வந்தது என்ற தகவலை அழிக்கிறோம். அழிக்காமல், நாள், நேரம், இடம் குறித்துப் பறவை ஆய்வுக் குழுக்களுக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, சிறகின் அடிப்பக்கம். நம் கரைக்கு வரும் சாதாரணப் பச்சைக்காலியும், உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள நோர்ட்மன் பச்சைக்காலியும் நிற்கும்போது குழப்பும். பறக்கும்போது நோர்ட்மனின் சிறகடி வெள்ளை வெளேரென்று இருக்கும், சாதாரணப் பச்சைக்காலிக்கு அங்கே மெல்லிய சாம்பல் வரிகள் உண்டு. நிழலை வெளிச்சமாக்கும் பொத்தானை அளவு மீறி இழுத்தால் அந்த வரிகள் மறைந்துவிடும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கூர்மையாக்கினால், இல்லாத வரிகளை அதுவே வரைந்துவிடவும் கூடும். படம் அழகாக இருக்கும், பறவை வேறாகிவிடும். திருத்திய படத்தைப் புலனத்தில் போடுங்கள். ரா கோப்பை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்குக் கடைசியாக ஒன்று. குழுவில் மண்ணாங்கட்டி எறிந்தவர் உங்கள் நண்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு சண்டை போட வேண்டாம். அடுத்த தடவை தண்ணீர் அட்டவணையைப் பார்த்து, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அவரைக் கூட்டிப் போங்கள். ஒரு நாற்காலியும் தெர்மாஸில் கோப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் திட்டு மூழ்கும்போது மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரே மூச்சில் திரும்பி, ஒரு பக்கம் பழுப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மின்னுவதை அவர் பார்க்கட்டும். மிரண்டு சிதறிய கூட்டத்தின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது நல்ல படம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம், மழைநாளில் கேமராவைக் காப்பது பற்றி. அதற்குள் தண்ணீர் அட்டவணை பார்த்துப் போனவர்கள் படங்களை அனுப்புங்கள், ஏற்றம் எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு.